முரணிசையின் கடன்

இணக்கமின்மையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களுள் டிஸ்கார்ட், டிஸ்ஸொனன்ஸ், ககாஃபனி ஆகிய மூன்றும் இசையோடு நேரடி உறவுடையவை. அகராதிகள் இவற்றுள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகக் கூறினாலும் வழக்கில் மூன்றும் வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. டிஸ்கார்ட் என்பது இதயத்தைக் குறிக்கும் ‘கோர்’ என்ற இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டு, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. ஆகவே அதன் முதற்பொருள் மனங்கள் பிரிந்து நிற்றலாகும். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், நீதிமொழிகள் நூலின் 6ஆம் அதிகாரம் சகோதரரிடையே பகை மூட்டுபவனைக் கடிந்து பேசுமிடத்தில் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. ககாஃபனி, ‘கெட்ட குரல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சேர்க்கை. ஒழுங்கேதுமின்றிப் பல ஒலிகள் கலந்தெழும் இரைச்சலை அது குறிக்கிறது. டிஸ்ஸொனன்ஸ் என்பதோ ‘பிரிந்து ஒலித்தல்’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. மூன்றிலும் மிகக் கூர்மையான கலைச்சொல் வாழ்வை உடையது அதுவே. அதனை இக்கட்டுரை முரணிசை என்றும், அதன் எதிர்நிலையான கான்ஸொனன்ஸை ஒத்திசை என்றும் குறிக்கிறது.

அன்றாட ஆங்கிலத்தில் முரணிசை என்பது காதுக்கு இனிமையற்றது என்ற பொருளில் பேசப்படுகிறது. ஐரோப்பிய இசைக் கலைஞர்களின் வழக்கு அவ்வளவு எளியதன்று. அவர்களுக்கு முரணிசை என்பது தன்னளவில் நிறைவு பெறாத, அடுத்து வரவேண்டிய ஒன்றை எதிர்நோக்கி நிற்கிற ஒலிச்சேர்க்கையாகும். அது கேட்பவரிடம் பட்ட கடன் போன்றது, ஒத்திசையில் வந்து சேர்ந்தாலன்றித் தீராது. அவ்வாறு வந்து சேர்தலே ‘ரெஸல்யூஷன்’, அதாவது தீர்வு எனப்படுகிறது. ஐரோப்பிய இசையின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுக்கால வரலாற்றை, இந்தக் கடனை எவ்வாறு வாங்குவது, எவ்வளவு காலம் தள்ளிப்போடுவது, இறுதியில் அதைத் தீர்க்கத்தான் வேண்டுமா என்ற கேள்விகளின் வரலாறாகவே வாசிக்க இயலும்.

இக்கருத்தின் தொடக்கம் எண்களில் இருந்தது. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஷட்ஜமும், மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமமும், நான்கில் மூன்று பங்காக்கினால் சுத்த மத்திமமும் பிறக்கின்றன என்ற கண்டுபிடிப்பைக் கிரேக்க மரபு பித்தகோரஸின் பெயரால் வழங்கியது. 2:1, 3:2, 4:3 என்னும் எளிய விகிதங்களே ஒத்திசையின் இலக்கணம் என்றும், விகிதம் சிக்கலாகுந்தோறும் முரண் மிகும் என்றும் அம்மரபு கொண்டது. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை இலத்தீன் உலகுக்கு எடுத்துச் சொன்ன பொயிதியஸ், விகிதங்களோடு நின்றுவிடாமல், முரணிசையில் இரு ஒலிகளும் ஒன்றோடொன்று கலக்க விரும்பாமல், ஒவ்வொன்றும் தான் சிதையாமல் காதை வந்தடைய முயல்வதாக விளக்கினார். ஒலிகளுக்கு விருப்பத்தை ஏற்றிச் சொன்ன இவ்விளக்கம் கவனத்துக்குரியது; முரணிசையை வெறும் அளவாகக் காணாமல் ஒரு நாட்டமாகக் காணும் பார்வை அதிலேயே முளைவிட்டுவிட்டது.

எண்கள் மாறுவதில்லை, ஆனால் ஒத்திசைக்கும் முரணிசைக்கும் இடையிலான எல்லை நூற்றாண்டுதோறும் இடம்பெயர்ந்துள்ளது. பித்தகோரஸ் முறைப்படி ஐந்தாம் சுரங்களை அடுக்கிப் பெறப்படும் காந்தாரம் 81:64 என்ற விகிதத்தில் அமைவது. அது 5:4 என்ற எளிய விகிதத்தைவிடச் சற்றே உயர்ந்து, ஷட்ஜத்தோடு ஒட்டாமல் நிற்கும். எனவே ஷட்ஜமும் காந்தாரமும் சேர்ந்தொலிப்பது நெடுங்காலம் ஒத்திசையாகக் கொள்ளப்படவில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஜொஹான்னஸ் தெ கார்லாந்தியாவின் பெயரில் வழங்கும் நூல் காந்தாரச் சேர்க்கைகளை ‘நிறைவற்ற ஒத்திசை’ என்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டது. ஆறாம் சுரச் சேர்க்கைகளையோ முரணிசையின் பக்கத்திலேயே நிறுத்தியது. 15ஆம் நூற்றாண்டில் ஜான் டன்ஸ்டபிள் முதலிய ஆங்கில இசையமைப்பாளர்கள் இவ்விரண்டையும் தாராளமாகப் பயன்படுத்தியபோது, அவ்வினிமையில் ஐரோப்பிய நிலப்பகுதியே மயங்கியது. பிளெமிஷ் அறிஞரான ஜொஹான்னஸ் டிங்க்டோரிஸ் 1477இல் எழுதிய நூலில், நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய இசையில் கேட்கத் தகுந்தது எதுவும் இல்லை என்று அறிஞர்கள் கருதுவதாகக் குறிப்பிடும் அளவுக்குச் செவி மாறிவிட்டது.

இதைவிட வியப்பானது நான்காம் சுரத்தின் கதை. 4:3 என்னும் எளிய விகிதத்தால் பழையோர் அனைவராலும் ஒத்திசையெனப் போற்றப்பட்ட ஷட்ஜ–மத்திமச் சேர்க்கை, பல குரல்களை ஒருங்கு பின்னும் கலை வளர்ந்த காலத்தில், அடிக்குரலின்மீது ஒலிக்கும்போது தீர்வு வேண்டும் முரணிசையாகக் கருதப்படலாயிற்று. விகிதம் அதுவே, நரம்பும் அதுவே. மாறியது அச்சேர்க்கை இசையில் வகித்த இடம் மட்டுமே. முரணிசை ஒலியின் இயல்பா அல்லது சூழலின் விளைவா என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஷட்ஜத்தோடு பிரதி மத்திமம் சேரும் ‘ட்ரைடோன்’ குறித்தும் இங்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இடைக்காலத் திருச்சபை அதைச் சாத்தானின் இசையெனத் தடைசெய்தது என்ற கதை பரவலாக நம்பப்படுகிறது. பாடும்போது தவிர்க்கத்தக்க இடர்ப்பாடான தாவலென்றே பழைய நூல்கள் அதைக் கருதின. அவ்வாறான தடைக்குச் சான்றில்லை. ‘இசையில் சாத்தான்’ என்ற தொடர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து நூல்களில்தான் தெளிவாகத் தலைகாட்டுகிறது.

எல்லை எங்கே வரையப்பட்டாலும், எல்லைக்கு அப்பாலுள்ளதைக் கையாளும் முறை 16ஆம் நூற்றாண்டில் ஒரு நுண்கலையாகவே வளர்ந்தது. வெனிஸ் நகரத்துப் புனித மாற்குப் பேராலயத்தில் இசைத்தலைவராக விளங்கிய ஜியோசெஃபோ ட்ஸார்லீனோ, 1558இல் வெளியிட்ட நூலில், 1 முதல் 6 வரையிலான எண்களால் ஆகும் விகிதங்களையெல்லாம் ஒத்திசையாக ஏற்று, முரணிசையை எவ்வெவ்விடங்களில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்கும் விதிகள் வகுத்தார். அவற்றுள் தலையாயது ‘சஸ்பென்ஷன்’ என்ற உத்தி. இரு குரல்கள் ஒத்திசையில் நிற்கையில் மேற்குரல் தன் சுரத்தை விடாமல் பிடித்திருக்க, கீழ்க்குரல் வேறொரு சுரத்துக்கு நகர்கிறது. நகர்ந்த கணத்தில், தாளத்தின் வலுவான அடியில், இரண்டும் மோதுகின்றன. பின்னர் மேற்குரல் ஒரு படி இறங்கி மீண்டும் ஒத்திசையில் அமர்கிறது. முரண்பட்ட சுரம் அங்கே புதிதாக நுழையவில்லை என்பதே இவ்வுத்தியின் நுட்பம். சற்றுமுன் இனிமையாக ஒலித்த அதே சுரம், தன் காலடியில் நிலம் நகர்ந்ததால் முரணாகிறது. கேட்பவரின் செவி அதை முன்பே அறிந்திருப்பதால் மோதலின் கூர்மை தாங்கத்தக்கதாகிறது. இறங்கி அமரும்போது கிடைக்கும் நிறைவோ, மோதல் நிகழாதிருந்தால் ஒருபோதும் கிடைத்திராதது.

ட்ஸார்லீனோவின் மாணவரும் பொலோஞ்ஞா நகரத்துத் துறவியுமான ஜியோவான்னி மரியா அர்த்தூசி, இவ்விதிகள் மீறப்படுவதைக் கண்டு வெகுண்டு, 1600இல் தற்கால இசையின் குறைபாடுகளைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் எடுத்துக்காட்டிய பாடல்களுள் ஒன்று, குவாரினியின் நாடகத்திலிருந்து எடுக்கப்பட்ட ‘க்ரூதா அமரில்லி’. இயற்றியவர் பெயரை அவர் கூறவில்லை. இயற்றியவர் கிளாவ்தியோ மொன்தெவெர்தி. கொடிய காதலியை நோக்கிப் பேசும் அப்பாடலில், ‘ஐயோ’ என்று பாடுபவர் கதறும் சொல்லில், மேற்குரல் ஒரு மௌனத்துக்குப்பின், எவ்வித ஆயத்தமும் இன்றி, அடிக்குரலுக்கு ஒன்பதாம் சுரத்தில் நேரே வந்து மோதி, அதிலிருந்து ஏழாம் சுரத்துக்குத் தாவுகிறது. ஒரு முரணைத் தீர்க்காமலே மற்றொரு முரணுக்குப் போகிறது. விதியின்படி இது பிழை. அர்த்தூசியின் நூலில் உரையாடுவோர் அதைப் பிழையென்றே காட்டுகின்றனர். பாடலின் சொற்களை அவர்கள் பேச்சில் எடுக்கவே இல்லை.

விவாதத்தின் உயிர் அந்த விடுபாட்டில்தான் இருக்கிறது. மொன்தெவெர்தி 1605இல் தம் ஐந்தாம் மத்ரிகல் தொகுதிக்கு எழுதிய சிறு முன்னுரையில், தாம் கண்டபடி எழுதுவதில்லை என்றும், ட்ஸார்லீனோ கற்பித்ததற்கு வேறான ‘இரண்டாம் நெறி’ ஒன்று உண்டு என்றும் அறிவித்தார். 1607இல் அவருடைய தம்பி ஜூலியோ செஸாரே அதை விரித்துரைத்து, முதல் நெறியில் சுரச்சேர்க்கை தலைவியாகவும் சொல் பணிப்பெண்ணாகவும் இருக்க, இரண்டாம் நெறியில் சொல்லே தலைவியாகிறது என விளக்கினார். துயரத்தைச் சொல்லும் சொல்லின்மேல் விதிப்படி ஆயத்தம் செய்துகொண்டு வரும் முரண் துயரமாக ஒலிக்காது என்பதே அவர்களுடைய வாதத்தின் உட்பொருள். அர்த்தூசியைப் பழமைவாதி என்று எளிதில் ஒதுக்குவது பிற்கால நூல்களில் வழக்கமாகிவிட்டது. அது நியாயமன்று. விதி இருந்ததாலேயே மீறல் பொருள் பெற்றது. ஆயத்தத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கு மட்டுமே ஆயத்தமின்மை ஒரு கதறலாகக் கேட்கும்.

அதன்பின் கடன் தள்ளிப்போன வரலாற்றைச் சில சான்றுகளால் தொடரலாம். மொட்சார்ட் 1785 ஜனவரியில் முடித்து, ஹெய்டனுக்குக் காணிக்கையாக்கிய ஆறு நரம்பிசை நால்வரிசைகளுள் இறுதியானது, ‘முரணிசை நால்வரிசை’ என்ற பெயராலேயே அறியப்படுகிறது. அதன் 22 அளவை நீளமுள்ள மெல்லிய முகப்பில் செல்லோ ஷட்ஜத்தை மீட்டியவண்ணம் இருக்க, வயோலா சுத்த தைவதத்திலும் இரண்டாம் வயலின் சாதாரண காந்தாரத்திலும் வந்து சேர்கின்றன. சுத்த தைவதத்தின் நினைவு செவியை விட்டு அகலுமுன் முதல் வயலின் சதுச்ருதி தைவதத்தை மேலே வைக்கிறது. பிழையான படி என்றே கருதத்தக்க அவ்விடத்தை, அடுத்த நூற்றாண்டில் ஃபெத்தீஸ் என்ற அறிஞர் திருத்தி எழுதவும் துணிந்தார். வாக்னரின் ‘ட்ரிஸ்டானும் இஸோல்டேயும்’ 1865இல் ம்யூனிக்கில் அரங்கேறியபோது, தொடக்கத்தில் ஒலித்த முரணிசை ஏறத்தாழ நான்கு மணிநேரத்துக்குப்பின், நாயகியின் மரணத்தில்தான் முழுத்தீர்வை அடைந்தது. இனி ஒரே படிதான் எஞ்சியிருந்தது. ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1908 முதல் இயற்றிய படைப்புகளில் தீர்வு என்ற கடப்பாட்டையே கைவிட்டார். ஒத்திசைக்கும் முரணிசைக்கும் உள்ள வேறுபாடு தரத்தில் இல்லை, செவிக்கு எவ்வளவு பழகியது என்ற அளவில்தான் உள்ளது என்று 1911இல் வெளியான தம் சுரச்சேர்க்கை நூலில் வாதிட்டார். பின்னர் தம் செயலுக்கு ‘முரணிசையின் விடுதலை’ என்று பெயரிட்டார். கடனே இல்லாத உலகில் எந்த ஒலிக்கும் முரணிசை என்ற பெயர் பொருந்தாது என்பது அவ்விடுதலையின் விளைவு. ஜாஸ் இசை இதை வேறு வழியில், சண்டையின்றி அடைந்தது: பழைய விதிப்படி தீர்வு வேண்டும் ஏழாம் சுரச் சேர்க்கையிலேயே அதன் பாடல்கள் அமைதியாக முடிகின்றன, தெலோனியஸ் மங்க் பியானோவின் அடுத்தடுத்த இரு கட்டைகளை ஒருசேர அழுத்தியதைக் கேட்டு எவரும் தீர்வு தேடுவதில்லை.

கலைஞர்கள் இவ்வாறு எல்லையை நகர்த்திக்கொண்டிருந்தபோது, அறிவியலார் அது எங்கே இயற்கையாக அமைந்திருக்கிறது என்று தேடினர். ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட பெருநூல் இத்துறையின் அடித்தளம். 440 ஹெர்ட்ஸ், 442 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களுடைய இரு ஒலிகள் சேர்ந்தொலித்தால், வினாடிக்கு இருமுறை ஒலி ஏறியிறங்கும். இயற்பியல் இதை விம்மல் என்கிறது, சுருதி சேர்க்கும் எவரும் இதைக் கேட்டே சேர்க்கிறார். விம்மல்கள் விரைவுபடும்போது தனித்தனியே கேட்காமல் ஒரு சொரசொரப்பாக மாறுகின்றன; வினாடிக்கு 33 அளவில் அச்சொரசொரப்பு உச்சமடைகிறது என்று அவர் கண்டார். ஒவ்வோர் இசையொலியும் தன்னோடு பல மேற்சுரங்களைக் கொண்டுவருவதால், அவற்றுள் எத்தனை ஒன்றோடொன்று உரசுகின்றன என்பதே முரணிசையின் அளவு என்பது அவருடைய முடிவு. 1965இல் டச்சு ஆய்வாளர்களான பிளோம்ப்பும் லெவெல்ட்டும் இதை மேலும் துல்லியமாக்கினர். உட்செவியின் சவ்வில் ஒரு குறிப்பிட்ட அகலத்துக்குள் விழும் இரு ஒலிகளே உரசுகின்றன என்றும், மேற்சுரங்களற்ற தூய ஒலிகளைப் பயன்படுத்தினால் அவ்வகலத்தைத் தாண்டியபின் எந்த விகிதமும் கரடுமுரடாகத் தோன்றுவதில்லை என்றும் அவர்கள் காட்டினர். பித்தகோரஸின் எண்கள் நேரடியாகச் செவியை ஆளவில்லை. கருவியின் மேற்சுரங்கள் வழியாகவே ஆண்டன.

ஆயினும் சொரசொரப்பும் முரணிசையும் ஒன்றல்ல. பிறவியிலேயே இசையுணர்வு குன்றியவர்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் விம்மலின் கரகரப்பைப் பிறரைப் போலவே வெறுத்தனர். ஒத்திசைச் சேர்க்கைகளுக்கும் முரணிசைச் சேர்க்கைகளுக்கும் இடையிலோ அவர்களுக்கு விருப்ப வேறுபாடு இருக்கவில்லை. 2016இல் ஜோஷ் மெக்டெர்மட்டும் உடனாய்வாளர்களும் பொலிவியாவின் அமேசான் காடுகளில் வாழும் ச்சிமானே மக்களிடம் நடத்திய ஆய்வும் அவ்வாறே முடிந்தது: மேலையிசையோடு தொடர்பு குறைந்த அம்மக்கள் இருவகைச் சேர்க்கைகளையும் ஒரே அளவு இனிமையானவையாக மதிப்பிட்டனர். உரசலையே விரும்பித் தேடும் மரபுகளும் உண்டு. பாலித் தீவின் கமலான் குழுவில் உலோகக் கட்டைக் கருவிகள் இணையிணையாகச் செய்யப்படுகின்றன. இணையில் ஒன்று மற்றதைவிடச் சிறிதே உயர்ந்த சுருதியில் அமைக்கப்படுவதால் எழும் விம்மலை அம்மக்கள் ‘ஓம்பாக்’, அதாவது அலை என்கின்றனர். அலையில்லாத இசை அவர்களுக்கு உயிரற்றது. லித்துவேனியப் பெண்கள் பாடும் ‘சுதர்த்தீனெஸ்’ பாடல்களில் அடுத்தடுத்த சுரங்கள் ஒருங்கே மோதிக்கொண்டே செல்கின்றன. அப்பெயர் உடன்பாடு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது என்பதையும், 2010இல் யுனெஸ்கோ அம்மரபை மானுடப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது என்பதையும் குறிப்பிடவேண்டும்.

தமிழ் மரபும் இவ்வினாவுக்கு அந்நியமானதன்று. சுரங்களுக்கிடையிலான உறவை இணை, கிளை, பகை, நட்பு என நான்காகப் பகுத்த இலக்கணம் சிலப்பதிகாரத்திலேயே காணப்படுகிறது. பல குரல்களை ஒருங்கடுக்காத இம்மரபில் பகை, ஒருங்கொலிக்கும் சுரங்களில் அன்றி அடுத்தடுத்து வரும் சுரங்களில் உணரப்படுகிறது. 72 மேளகர்த்தாக்களுள் 40 விவாதி மேளங்கள். அவற்றில் சுத்த ரிஷபத்தை அடுத்துச் சுத்த காந்தாரமோ, ஷட்ச்ருதி ரிஷபத்தை அடுத்து அந்தர காந்தாரமோ, மேற்பகுதியில் இவற்றுக்கு நேரான தைவத நிஷாதங்களோ நெருங்கி நிற்கின்றன. இவற்றைப் பாடினால் தீங்கு நேரும் என்ற அச்சமும் வித்துவான்களிடையே இருந்தது. அவ்வச்சத்தைப் பொருட்படுத்தாமல் 72 மேளங்களிலும் தமிழில் கீர்த்தனைகள் இயற்றிய கோடீஸ்வர ஐயரின் பணி போற்றத்தக்கது. உண்மையில் அச்சம் முழுமையாக ஆட்சி செய்ததும் இல்லை: திருவையாற்றில் ஆண்டுதோறும் ஒருங்கு பாடப்படும் தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளுள் முதலாவதான நாட்டையும் நான்காவதான வராளியும் விவாதி சுரமுடைய ராகங்களே. பகைச்சுரத்தை அங்கே கமகம் பக்கத்துச் சுரத்தோடு பிணைத்துத் தாங்குகிறது. ஐரோப்பியர் ஆயத்தத்தாலும் தீர்வாலும் செய்ததை இம்மரபு அசைவால் செய்தது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறு. ஒன்றில் முரண் வேறிடம் போய்த் தீர்கிறது, மற்றதில் தன் இடத்திலேயே ராகத்தின் அடையாளமாக நிலைக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் டிஸ்ஸொனன்ஸ் என்ற சொல் இசையை விட்டு உளவியலுக்குள் நுழைந்தது. லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் வெளியிட்ட நூலில், ஒருவர் மனத்திலுள்ள இரு அறிதல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது எழும் சங்கடத்துக்கு ‘காக்னிடிவ் டிஸ்ஸொனன்ஸ்’, அதாவது அறிதல் முரண், என்று பெயரிட்டார். பசி உணவைத் தேட உந்துவது போல இச்சங்கடம் தன்னைத் தணித்துக்கொள்ள உந்துகிறது என்பது அவருடைய கொள்கையின் மையம். 1959இல் அவரும் கார்ல்ஸ்மித்தும் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் சலிப்பூட்டும் வேலை ஒன்றைச் செய்தபின், அது சுவையானது என்று அடுத்தவரிடம் பொய் சொல்லுமாறு கேட்கப்பட்டனர். சிலருக்கு 20 டாலரும் சிலருக்கு 1 டாலரும் தரப்பட்டது. குறைவாகப் பெற்றவர்களே பின்னர் அவ்வேலையை உண்மையில் சுவையானதென மதிப்பிட்டனர். 20 டாலர் பொய்க்குப் போதிய காரணமாக நின்றது. 1 டாலர் அவ்வாறு நிற்க முடியாததால், பொய்க்கும் நினைவுக்கும் இடையிலான முரணைத் தீர்க்க நினைவே ஒரு படி இறங்கிக்கொடுத்தது.

ஃபெஸ்டிங்கர் இச்சொல்லைத் தேர்ந்ததில் இசைக்கலைஞரின் வழக்கு ஏறத்தாழ முழுமையாகக் காப்பாற்றப்பட்டுள்ளது: பொருந்தாமை, அதன் அழுத்தம், தீர்வை நோக்கிய நகர்வு ஆகிய மூன்றும் அதில் உண்டு. இன்றைய செய்தித்தாள் ஆங்கிலம் அதைக் காப்பாற்றவில்லை. ஓர் அரசியல்வாதி முன்னுக்குப்பின் முரணாகப் பேசினாலும், ஒருவர் சொல்வதும் செய்வதும் வேறாக இருந்தாலும், அத்தொடரையே அவர்கள்மீது சுமத்துவது வழக்கமாகிவிட்டது. அது போலித்தனத்தைச் சுட்டும் சொல்லாகச் சுருங்கியதில் ஒரு நுட்பமான இழப்பு உண்டு. முரண்பட்ட இரண்டைச் சங்கடமேயின்றிச் சுமந்து திரிபவரிடம் ஃபெஸ்டிங்கர் குறித்த முரணிசை இல்லவே இல்லை. அதனால் தூக்கமிழந்து, தன் எண்ணத்தையோ செயலையோ மாற்றத் தவிப்பவரிடமே அது இருக்கிறது.